அரிசியில் ஏமாறாதவர் பாலிசியில் ஏமாந்தது எப்படி? மூளையின் முதுமையும் பண முடிவுகளும்

எங்கள் பெரியப்பாவை அரிசி விஷயத்தில் யாரும் ஏமாற்ற முடியாது. நாற்பது வருஷம் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, பழசா புதுசா, கலப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். "நாப்பதாயிரம், ஒன்றரை வட்டி, ஏழு மாசம்" என்றால் நாம் போனை எடுப்பதற்குள் "நாலாயிரத்து இருநூறு" என்பார். அப்படிப்பட்டவர் 76 வயதில், முதிர்ந்த எஃப்.டி.யைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனார். போன இடத்தில், பேரன் பெயரில் வருஷத்துக்கு இரண்டு லட்சம் வீதம் பத்து வருஷம் கட்ட வேண்டிய இன்சூரன்ஸ் பாலிசிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். ஒரே தடவை கட்டினால் போதும், எஃப்.டி.யைவிட வட்டி அதிகம் என்பது அவர் புரிந்துகொண்டது.

பாலிசிப் பத்திரம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நல்லவேளை, பத்திரம் கைக்குக் கிடைத்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. கொஞ்சம் பிடித்தம் போகப் பணம் வந்துவிட்டது. பெரியப்பாதான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "எனக்கு மூளை மழுங்கிப் போச்சாடா?" என்று ஒருநாள் கேட்டார். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஏன் என்று தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே சொல்கிறேன்.

உளவியலில் ஒரு பழைய பிரிவினை இருக்கிறது. ரேமண்ட் கேட்டல் என்பவர் 1940-களிலேயே அறிவை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். முன்பின் பார்த்திராத ஒரு சிக்கலை அங்கேயே, அப்போதே யோசித்து அவிழ்க்கிற திறன் ஒன்று. இதைச் சூட்டிகை என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று வருஷக்கணக்கில் சேர்ந்தது: சொல்வளம், தொழில் நுணுக்கம், எந்த ஆளை எங்கே நிறுத்துவது என்கிற விவரம். இது அனுபவ அறிவு. சூட்டிகை இருபதுகளில் உச்சத்துக்குப் போய், அதன்பின் மெல்ல இறங்குகிறது. அனுபவ அறிவு அறுபதைத் தாண்டியும் ஏறுகிறது, அல்லது ஏறிய இடத்திலேயே நிற்கிறது.

பண முடிவுக்கு இரண்டும் வேண்டும். இருபத்தைந்து வயதில் சூட்டிகை இருக்கும், அடிபட்ட அனுபவம் இருக்காது. எழுபத்தைந்தில் நிலைமை தலைகீழ். அப்படியானால் நடுவில் எங்கோ இரண்டும் சேர்ந்து நன்றாக வேலை செய்கிற ஒரு வயது இருக்க வேண்டும், இல்லையா? 2009-இல் சுமித் அகர்வால், ஜான் டிரிஸ்கால், சேவியர் கபே, டேவிட் லெய்ப்சன் என்ற நான்கு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் பத்து வகையான கடன் விவகாரங்களை எடுத்து அதைத் தேடினார்கள். தேவையில்லாத அபராதமும் கூடுதல் வட்டியும் மிகக் குறைவாகக் கட்டிய வயது, தோராயமாக 53.

அதில் ஒரு உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே ஒரு கிரெடிட் கார்டில் இருக்கும் கடனை, சில மாதங்களுக்குக் குறைந்த வட்டி தருகிற வேறொரு கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். கண்ணி எங்கே என்றால், அந்தச் சலுகை மாற்றிய பழைய கடனுக்கு மட்டும்தான். புதுக் கார்டில் புதிதாக எதையாவது வாங்கினால் முழு வட்டி. அந்த ஆய்வு நடந்த காலத்தில், கட்டுகிற பணமோ முதலில் சலுகைக் கடனுக்கே வரவானது. ஆக, அன்று கடனை மாற்றியதும் புதுக் கார்டைத் தொடாமல், செலவைப் பழைய கார்டிலேயே செய்திருக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. சிலர் முதல் மாதமே கண்டுபிடித்தார்கள், சிலர் இரண்டு மூன்று மாதம் பட்டுத் தெரிந்துகொண்டார்கள், சிலருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தவர்களில் நடுவயதுக்காரர்களே முன்னால் நின்றார்கள்.

53 என்பதைக் காலாவதித் தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு சராசரி. அதோடு, ஒரே ஆளை இருபதிலிருந்து எண்பது வரை பின்தொடர்ந்து பார்த்த கணக்கும் அல்ல. ஒரே காலத்தில் வாழ்ந்த வெவ்வேறு வயதுக்காரர்களை ஒப்பிட்டது. அன்றைய எழுபத்தைந்து வயதுக்காரரின் படிப்பும் வளர்ப்பும் வேறு. வயதையும் தலைமுறையையும் முழுசாகப் பிரித்தெடுப்பது கஷ்டம்.

மண்டைக்குள் என்ன நடக்கிறது

வயதாகும்போது மூளை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. பின்மண்டையில் பார்வைக்கான முதன்மைப் பகுதி பெரிதாக மாறுவதில்லை. நெற்றிக்கு நேர் பின்னால் இருக்கிற பகுதிதான் முந்திக்கொண்டு இளைக்கிறது. திட்டமிடுவது, ஆசையை அடக்குவது, இதுவா அதுவா என்று எடைபோடுவது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. மூளையின் பகுதிகளை இணைக்கிற வெண்பொருள் என்ற கம்பிக் கட்டும் தேய்கிறது. செய்தி போய்ச் சேரும், கொஞ்சம் தாமதமாக.

இதில் பண விஷயத்தில் அதிகம் அடிவாங்குவது வேலை நினைவு. பல விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் ஏந்திக்கொண்டு, அவற்றை வைத்துக் கணக்குப் பார்க்கிற திறன் அது. கல்லாப் பெட்டிக்கு முன்னால் போட்டிருக்கும் மேஜை மாதிரி. வயதாக ஆக மேஜை சிறிதாகிறது. பெரியப்பாவின் வட்டிக் கணக்குக்கு மேஜையே தேவையில்லை. நாற்பதாயிரத்துக்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் அறுநூறு என்பது அவருக்கு வாய்ப்பாடு மாதிரி, ஆயிரம் தடவை போட்ட கணக்கு. பாலிசி அப்படி இல்லையே. பிரீமியம் எவ்வளவு, எத்தனை வருஷம் கட்டுவது, எத்தனை வருஷம் காத்திருப்பது, நடுவில் நிறுத்தினால் என்ன கிடைக்கும், வரி எவ்வளவு மிச்சம்... ஐந்து புது எண்கள் ஒரே சமயத்தில் மேஜைக்கு வந்தன. மூன்றாவதை வைக்கும்போதே முதலாவது கீழே விழுந்துவிட்டது. கடைசியில் மிஞ்சியது "வட்டி அதிகம்" என்ற ஒரு சொல்தான்.

அடுத்தது, வயிற்றைப் பிசைகிற உணர்வு. ஒரு ஆளைப் பார்த்ததும் "இவன் சரியில்லை" என்று உள்ளே ஏதோ சொல்லுமே, அதில் மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கிற இன்சுலா என்ற பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், ஷெல்லி டெய்லர் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் முகப் படங்களைக் காட்டி நம்பலாமா என்று கேட்டார்கள். நல்ல முகம், சாதாரண முகம் இரண்டிலும் இருதரப்பும் ஒரே மாதிரி சொன்னார்கள். சந்தேகத்துக்குரிய முகம் வந்தபோதுதான் பிரிந்தார்கள். பெரியவர்கள் அதற்கும் கூடுதலாகவே நம்பிக்கை மதிப்பெண் கொடுத்தார்கள். ஸ்கேனில் பார்த்தபோது அவர்களின் இன்சுலா அடக்கமாகவே எதிர்வினை காட்டியது. ஸ்கேனில் படுத்தவர்கள் சில பத்துப் பேர்தான், காட்டியதும் படங்கள்தான், நிஜ மோசடிக்காரர்கள் இல்லை. ஆகவே இதை வைத்துக்கொண்டு "வயசானால் ஆள் அடையாளம் தெரியாது" என்று முடிவு கட்டுவது அதிகம். ஆனால் வங்கியில் அந்தப் பையன் "தாத்தா, காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டதைப் பெரியப்பா மூன்று தடவை சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது.

ஸ்டான்ஃபோர்டில் 2007-இல் செய்த இன்னொரு ஆய்வும் இதோடு சேரும். பணம் வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போது இளையவர், முதியவர் இருவரின் மூளையும் ஒரே அளவில் உற்சாகப்பட்டது. பணம் போகப்போகிறது என்கிறபோது முதியவர்களின் மூளை அவ்வளவாகப் பதறவில்லை. இது கெட்டது மட்டுமல்ல. வயதானவர்கள் சின்னச் சின்ன நஷ்டத்துக்கு மனம் உடையாமல் நிம்மதியாக இருக்க இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த நிம்மதிக்கே ஒரு விலை இருக்கிறது, அவ்வளவுதான்.

குறைவது தெரியாமல் குறைவது

கண் மங்கினால் நமக்கே தெரிகிறது. பேப்பரைத் தள்ளிப் பிடிக்கிறோம், கண்ணாடி போடுகிறோம். பணத்தைக் கையாளும் திறன் மங்கினால் அப்படித் தெரிவதில்லை. மைக்கேல் ஃபின்கே குழுவினர் அமெரிக்காவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நிதி சம்பந்தமான கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். வயது ஒன்று கூடக்கூட, மதிப்பெண் ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளி குறைந்துகொண்டே வந்தது. சரி, அது எதிர்பார்த்ததுதான். "உங்கள் பணத்தை நிர்வகிக்கிற திறமை உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டபோது வந்த பதில்தான் வயிற்றைக் கலக்குகிறது. தன்னம்பிக்கை குறையவே இல்லை.

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் சங்கதி இதுதான். திறமையும் நம்பிக்கையும் சேர்ந்தே இறங்கினால் ஆபத்து குறைவு, மனிதர் தானாகவே "நீ கொஞ்சம் பாரு" என்று காகிதத்தை நீட்டிவிடுவார். ஒன்று இறங்கி இன்னொன்று நிற்கும்போது யாரிடமும் கேட்கத் தோன்றாது. அதுவும் குடும்பத்துக்கே கணக்குப் பார்த்து வந்தவருக்கு, கேட்பதே கௌரவக் குறைச்சல்.

இதுவரை சொன்னதெல்லாம் சாதாரண முதுமை. மறதிநோய் வேறு. ஆனால் அது முதலில் எட்டிப்பார்க்கிற இடங்களில் ஒன்று பணப்பை. அமெரிக்காவில் 81,000-க்கு மேற்பட்ட முதியவர்களின் மருத்துவப் பதிவையும் கடன் பதிவையும் இணைத்துப் பார்த்து, லாரன் நிக்கலஸ் குழுவினர் செய்த ஆய்வு 2021-இல் வந்தது. மறதிநோய் என்று மருத்துவர் எழுதுவதற்கு ஆறு வருஷம் முன்பே சிலர் தவணைகளைத் தவறவிட ஆரம்பித்திருந்தார்கள். இரண்டரை வருஷம் முன்பே அவர்களின் கிரெடிட் ஸ்கோர் கடன் கொடுக்கத் தயங்குகிற அளவுக்கு இறங்கியிருந்தது. மாரடைப்பு, இடுப்பெலும்பு முறிவு போன்றவை வந்தவர்களிடம் இந்த மாதிரி முன்கூட்டிய சறுக்கல் இல்லை.

ஏன் பணம் முதலில்? அலபாமா பல்கலைக்கழகத்தில் டேனியல் மார்சன் என்பவர் பல வருஷமாக இதையே அளந்துகொண்டிருந்தார். சில்லறை எண்ணுவதில் தொடங்கி வங்கிக் கணக்கு அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்வது வரை சோதிக்கிற ஒரு அளவுகோலை உருவாக்கினார். சில்லறை எண்ணுவது நெடுநாள் தங்குகிறது, சிக்கலான வேலைகள் முதலில் நழுவுகின்றன. ஆகவே கடைக்குப் போய்ச் சரியாக மீதி வாங்கி வருகிறார் என்பதை வைத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட முடியாது. சிகாகோவில் ரஷ் பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா பாயில் குழுவினர் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். மறதிநோய் இல்லாத 935 முதியவர்களிடம், தெரியாத எண்ணாக இருந்தாலும் போன் அடித்தால் எடுத்துவிடுவீர்களா, விற்க வருகிறவரின் பேச்சைத் துண்டிக்கக் கஷ்டமாக இருக்கிறதா என்கிற மாதிரியான கேள்விகளைக் கேட்டு வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மோசடி பற்றிய எச்சரிக்கை குறைவாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஏமாந்தால் மறதிநோய் என்று இதற்குப் பொருள் இல்லை. முப்பது வயது ஐடி ஊழியர்களும்தான் தினமும் ஏமாறுகிறார்கள்.

அப்படியானால் எதைக் கவனிப்பது? ஒருவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும். வாழ்நாளில் கணக்கே எழுதாதவர் எழுதவில்லை என்றால் அதில் ஒன்றும் இல்லை. நாற்பது வருஷம் எழுதியவரின் டைரி மூன்று வாரம் காலியாக இருந்தால் விசாரிக்கலாம். ஒரே கரண்ட் பில்லை இரண்டு தடவை கட்டியிருப்பது, உறை பிரிக்காத கடிதங்கள் சேர்ந்திருப்பது, கைக்கடக்கமாகச் செலவு செய்தவர் திடீரென்று பெரிய லாபம் பற்றிப் பேசுவது, தன் பணத்தைக் கேட்டால் புதிதாகக் கோபப்படுவது, இவையெல்லாம் அந்த மாதிரிதான். பார்த்தால் பயந்துவிடவும் வேண்டாம். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கமின்மை, சில மாத்திரைகள், ஏன், காது சரியாகக் கேட்காததுகூட மூளை மங்கியது போலத் தோற்றம் தரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும்.

அவசரம் என்கிற ஆயுதம்

மோசடிக்காரர்கள் இந்த ஆய்வுகளை எல்லாம் படித்திருப்பார்களா என்று சில நேரம் தோன்றும். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற பெயரில் நடப்பதைப் பாருங்கள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்று ஒரு போன். உடனே வீடியோவில் போலீஸ் உடுப்பில் ஒருவர். காமிராவை விட்டு நகரக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, இன்னும் ஒரு மணி நேரத்தில் பணத்தை 'சரிபார்ப்பு'க் கணக்குக்கு அனுப்ப வேண்டும். பயம், தனிமை, அவசரம் மூன்றும் சேர்ந்து அந்தச் சின்ன மேஜையை முழுசாக அடைத்துவிடுகின்றன. யோசிக்க இடமே இல்லை. இந்தியச் சட்டத்தில் வீடியோ கால் மூலம் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. அதை நினைத்துப் பார்க்கவும் ஒரு நொடி நிதானம் வேண்டுமே! ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனையில், உற்சாகமோ எரிச்சலோ மூட்டப்பட்ட முதியவர்கள், பொய் விளம்பரம் செய்யப்பட்ட பொருட்களை வாங்கக் கூடுதல் விருப்பம் காட்டினார்கள். எந்த உணர்ச்சி என்பது பெரிய விஷயமாக இல்லை, கிளறிவிடப்பட்டதே போதுமானதாக இருந்தது.

சூட்டிகை குறைந்தவருக்கு அவகாசம்தான் மருந்து. அதே மூளை மறுநாள் காலையில், காபிக்கு அப்புறம், காகிதத்தில் எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே முடிவெடுக்கும். எங்கள் வீட்டில் ஒரு வாக்கியம் பழக்கினோம்: "நாளைக்குச் சொல்றேன்." எதிராளி யாராக இருந்தாலும் இதுதான் பதில். நிஜமான வங்கிக்காரர் காத்திருப்பார். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் மட்டும் நாளைக்கு என்று இருக்கக் கூடாது. 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் சொன்னால் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

இனி சட்டம். நம் ஊரில் பலர் "பையனுக்குப் பவர் எழுதிக் கொடுத்துட்டேன், கவலை இல்லை" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தப் பத்திரம் தேவைப்படுகிற நேரத்தில்தான் செல்லாமல் போகும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் மனத்திறன் இழந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். இங்கிலாந்தில் மனத்திறன் போன பிறகும் நீடிக்கிற பவரை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. இங்கே அப்படி இல்லாததால், மறதிநோய் முற்றிய ஒருவரின் சொத்தைக் கையாள, குடும்பம் பெரும்பாலும் உயர் நீதிமன்றப் படியேற வேண்டி வருகிறது.

நாமினி போட்டிருக்கிறோமே என்பதும் அதே மாதிரி ஒரு தவறான நிம்மதி. நாமினிக்கு வேலை வருவது இறப்புக்குப் பிறகுதான். உயிரோடு இருந்து, ஆனால் கையெழுத்துப் போட முடியாத காலத்துக்கு அவரால் உபயோகம் இல்லை. அந்தக் காலத்துக்கு உதவுவது கூட்டுக் கணக்கு, அதிலும் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிற வகை. முதலாமவர் இருக்கும்வரை அவர் மட்டும் என்கிற வகையும் வங்கிப் படிவத்தில் பக்கத்திலேயே இருக்கும், கவனிக்காமல் டிக் போட்டால் போச்சு. யாரைச் சேர்ப்பது என்பதில்தான் எல்லாக் குடும்பமும் தடுக்கி விழுகிறது, ஏனென்றால் பணம் வெளியாளிடம் மட்டும் போவதில்லை. வீட்டைப் பிள்ளைக்கு செட்டில்மெண்ட் எழுதுகிறவர்கள், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்தப் பத்திரத்திலேயே எழுதிவைப்பது நல்லது. பராமரிக்கவில்லை என்றால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அதை ரத்து செய்யக் கேட்க முடியும்.

எங்கள் வீட்டில் முதலில் எழுந்த யோசனை, பெரியப்பாவின் ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துவிடலாம் என்பது. நான் சம்மதிக்கவில்லை. அவருக்குத் தேவை இரண்டாவது ஜோடிக் கண்கள். கையைக் கட்டிப்போட என்ன இருக்கிறது? பேசிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அன்றாடச் செலவுக் கணக்கு முழுக்க அவருடையது, நாங்கள் எட்டிப் பார்க்க மாட்டோம். எஃப்.டி. எல்லாம் பெரியம்மாவோடு கூட்டுப் பெயரில். ஐம்பதாயிரத்துக்கு மேல் எந்தப் புதுக் கையெழுத்தும் ஒரு ராத்திரி தலைமாட்டில் தூங்கி எழ வேண்டும். "இந்த விதி உனக்கும்தான்" என்று அவர் சொன்னபோது நான் சிரித்தேன்.

போன மாதம் நான் ஒரு கடன் வாங்க இருந்தேன். மாதத் தவணையை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டியிருந்தேன். பெரியப்பா காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் டைரியோடு வந்தார். "மொத்தமா எவ்வளவு கட்டுறேன்னு பாத்தியா? இது ஒன்றேகால் வட்டிடா. அவன் ஒரு வட்டிக்குக் கீழன்னுல்ல சொன்னான்?"